முதல் பே ஸ்லிப்ல பிஎப் (வருங்கால வைப்பு நிதி), ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), தொழில்வரி பிடித்தம் புரியலையா? ராம்நாட்டுல இந்தக் கடைக்குப் போங்க

மதிப்பெண் முதல்லயே சொல்லிர்றேன், 5க்கு 4. அந்த ஒரு மார்க்க ஏன் குறைச்சேன்னு கடைசில சொல்றேன், ஆனா அதுக்காக போகாம இருந்துராதீங்க.

ராமநாதபுரம் புது பஸ் ஸ்டாண்டுல இறங்கி அரண்மனை பக்கம் போற வழியில ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர். கடைக்காரர் அண்ணன் தன் பேரையோ கடை பேரையோ எங்கயும் போடக்கூடாதுன்னு சொன்னதால பேர் போடல, அந்த ஏரியால போயி பிஎப் பாக்குற கடை எதுன்னு கேட்டா யாரும் கைகாட்டுவாங்க. வெளிய பாத்தா ஜெராக்ஸ், லேமினேஷன், பான் கார்டு, பட்டா சிட்டான்னு எல்லா ஊர்லயும் இருக்க கடை மாதிரிதான் இருக்கும். ஆனா அந்த அண்ணன் மதுரையில ஒரு மில்லுல ரொம்ப வருஷம் சம்பள செக்ஷன்ல இருந்துட்டு ஊருக்குத் திரும்பி வந்தவரு, அதனால மத்த கடைல பிரிண்ட் எடுத்து கையில குடுத்து அனுப்புற வேலைய இவரு உக்கார வச்சு விளக்கிச் சொல்ற வேலையா செய்றாரு. நான் ரெவ்யூ எழுதுறதே அதுக்காகத்தான்.

எங்க வீட்டு விஷயம் இது. நாங்க தங்கச்சிமடம். அப்பா போட்டுக்குப் போறவரு, அம்மா கருவாடு யாவாரம். எங்க குடும்பத்துல மாசச் சம்பளம்னு வாங்குன முதல் ஆளு என் தம்பிதான், போன ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி ஒரு மீன் பதப்படுத்துற கம்பெனில ஆபீஸ் வேலைக்குச் சேந்தான். வேலை ஆர்டர்ல 20,145ன்னு போட்டிருந்துச்சு, அதனால வீட்ல எல்லாரும் இருபதாயிரம் சம்பளம்னே பேசிக்கிட்டு இருந்தாங்க, மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்தி சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டாச்சு. மாசக் கடைசில பேங்க் மெசேஜ் வந்தா 15,175. கிட்டத்தட்ட அஞ்சாயிரம் காணோம். அப்பாவுக்கு கோவம்னா கோவம், ஏஜெண்டு கமிஷன் அடிச்சிட்டான்னு ஒரு பக்கம், பக்கத்து வீட்டு மாமா வந்து பேங்க்ல சம்பளம் ஏறுனாலே கவர்மெண்டு வருமான வரி புடிச்சிருவான்னு இன்னொரு பக்கம். தம்பி பே ஸ்லிப்ப போன்ல வச்சுக்கிட்டு முழிக்கிறான், ஆபீஸ்ல கேக்கவும் பயம், புதுசா சேந்தவன்ல.

அப்பதான் கூட வேலை பாக்குற உச்சிப்புளி அக்கா ஒருத்தங்க இந்தக் கடைய சொன்னாங்க. நானும் தம்பியும் அம்மாவும் போனோம், பாம்பன் பாலத்த தாண்டி மண்டபம், உச்சிப்புளி வழியா பஸ்லயே.

அண்ணன் முதல்ல பே ஸ்லிப்ப பெரிய எழுத்தா பிரிண்ட் எடுத்தாரு. ஒரு ஸ்கேல், ஒரு சிவப்பு பேனா, ஒரு நீல பேனா. ஸ்லிப்ல இருக்க ஒவ்வொரு வரிக்கு அடியிலயும் கோடு போட்டாரு, திரும்பி வரக்கூடிய காசுக்கு நீலம், போனா போனதுதான்னா சிவப்பு. அப்புறம் கால்குலேட்டர எடுத்து தம்பி கையில குடுத்துட்டாரு. "நான் போட்டா எனக்குத்தான் தெரியும், நீயே போடு தம்பி"ன்னாரு. எனக்கு அந்த ஒரு செய்கை ரொம்பப் புடிச்சுப் போச்சு.

ஸ்லிப்ல இருந்தது இது: பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டிஏவும் (அகவிலைப்படி) சேந்து 12,000, வீட்டு வாடகைப்படி 4,000, இதர அலவன்ஸ் 2,000, ஆக மொத்தம் 18,000. அப்ப 20,145 எங்கருந்து வந்துச்சு? அது சிடிசியாம், கம்பெனி இவனுக்காக பண்ற மொத்த செலவு. கம்பெனி தன் பங்குக்கு கட்டுற பிஎப் 1,440, இன்சூரன்சும் நிர்வாகச் செலவும் 60, 60, ஈஎஸ்ஐக்கு 585, இதெல்லாம் 18,000 கூட சேத்துதான் அந்த நம்பர். அந்த 2,145 எந்தக் காலத்துலயும் கைக்கு வர்ற சம்பளம் கிடையாது, அதனால வேலைக்குச் சேரும்போதே மாசம் கைக்கு எவ்வளவு வரும்னு தனியா கேட்டுக்கங்கன்னு அண்ணன் சொன்னாரு. இத யாராச்சும் ஸ்கூல் காலேஜ்ல சொல்லிக் குடுத்திருக்காங்களா? பிகாம் படிச்ச பயலுக்கே தெரியல.

அடுத்து பிஎப். பேசிக்ல 12 சதவீதம், தம்பி போட்டான், 1,440, ஸ்லிப்ல இருக்குறதும் அதேதான். அதுவரைக்கும் சரி. அம்மாவுக்கு மட்டும் மனசு ஆறல, பச்சப் புள்ள சம்பளத்துல எதுக்கு கை வைக்கிறாங்கன்னு கேட்டாங்க. அண்ணன் அம்மாவப் பாத்து, "நீங்க மீன்துறை சேமிப்பு நிவாரணத் திட்டத்துல இருக்கீங்களாம்மா"ன்னாரு. அம்மா ஆமான்னாங்க, நம்ம மகளிர் 1,500 கட்டுனா அரசாங்கம் 3,000 போட்டு 4,500 ஆ தரும்ல, கடலோரத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச திட்டம்தான். "அதே மாதிரிதாம்மா, இங்க புள்ளை ஒரு பங்கு போட்டா கம்பெனியும் ஒரு பங்கு போடணும், கவர்மெண்டு வட்டி தரும்"ன்னாரு. அம்மா உடனே, அப்ப புடிக்கட்டும் புடிக்கட்டும்னுட்டாங்க. வட்டி 2024-25க்கு 8.25 சதவீதம், எந்த பேங்க்லயும் சேவிங்ஸ் அக்கவுண்டுக்கு இவ்வளவு தர மாட்டாங்க.

இந்த இடத்துலதான் நிறைய பேரு குழம்புறாங்க, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். பிஎப் பாஸ்புக்க திறந்தா நம்ம பங்கு 1,440ன்னு இருக்கும், கம்பெனி பங்குன்னு போட்டு 440தான் இருக்கும். உடனே கம்பெனி ஆயிரத்த அமுக்கிட்டான்னு தோணும். அமுக்கல. கம்பெனி போடுற 12 சதவீதத்துல 8.33 பென்ஷன் கணக்குக்குப் போயிரும், மீதி 3.67தான் பிஎப்புல சேரும். 12,000க்கு 8.33ன்னா 1,000, அது பக்கத்து காலம்ல பென்ஷன்னு தனியா நிக்கும். 15,000 வரைக்கும்தான் இந்த பென்ஷன் கணக்கு, அதுக்கு மேல எவ்வளவு பேசிக் இருந்தாலும் மாசம் 1,250 தாண்டாது. பத்து வருஷம் சர்வீஸ் முடிச்சா 58 வயசுல மாசப் பென்ஷன். கம்பெனி மாறுனாலும் அந்த சர்வீஸ் தொடரணும்னா யுஏஎன்ங்கிற பிஎப் நம்பர் ஆளுக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும், 12 இலக்க நம்பர் அது, புதுக் கம்பெனில சேரும்போது பழசக் குடுக்கணும், அவங்க புதுசு போட்டுத் தர்றோம்னு சொன்னா விடாதீங்க. அண்ணன்கிட்ட ரெண்டு மூணு யுஏஎன் வச்சுக்கிட்டு வந்து அவதிப்படுற பசங்க நிறைய, திருப்பூர்ல ஒண்ணு, சென்னைல ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு.

கம்பெனி கட்டுற அந்த 60 ரூபா இன்சூரன்ஸப் பத்தி ஒருத்தரும் பேசுறதில்ல. நம்ம சம்பளத்துல ஒத்தப் பைசா இதுக்குப் புடிக்கிறதில்ல, ஆனா வேலைல இருக்கும்போது ஆளுக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா குடும்பத்துக்கு 7 லட்சம் வரைக்கும் வரும். கடலுக்குப் போறவங்க வீட்ல பொறந்த எங்களுக்கு இத யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்ல, அம்மா அந்த இடத்துல சிலுவை போட்டுக்கிட்டாங்க. அதுக்கு நாமினி போட்டிருக்கணும். தம்பி போடவே இல்ல, கம்பெனிலயும் சொல்லல. அங்கயே ஆன்லைன்ல அப்பா அம்மா பேர ஏத்திக் குடுத்தாரு.

ஏத்தும்போது ஒரு சிக்கல். பத்தாவது மார்க் ஷீட்ல அந்தோணி, ஆதார்ல அந்தோனி மாதிரி இங்கிலீஷ்லயும் ஒரு எழுத்து முன்ன பின்ன. நம்ம பக்கத்துல ஞானஸ்நானப் பேரு ஒரு மாதிரி, ரேஷன் கார்டு ஒரு மாதிரி, ஆதார் ஒரு மாதிரி இருக்குறது சகஜம், அப்பா பேரு இனிஷியலா இருக்கா முழுசா இருக்கான்னு அது வேற. பிஎப்ப பொறுத்தவரை ஆதார்ல எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும், பேரு, பொறந்த தேதி ரெண்டும். இப்ப விட்டுட்டா பணம் எடுக்கப் போறப்ப கிளெய்ம் திரும்பி வந்துரும். திருத்தத்துக்கு ரிக்வெஸ்ட் போட்டு, கம்பெனி அப்ரூவ் பண்ணணும்னா அங்க யாருகிட்ட என்ன கேக்கணும்னு ஒரு துண்டுச்சீட்டுல எழுதியும் குடுத்தாரு. வேலைல இருக்கும்போதே இத முடிச்சிரணும், வேலைய விட்டப்புறம் பழைய கம்பெனி பின்னாடி கையெழுத்துக்கு அலையுறது பெரிய கொடுமை.

ஈஎஸ்ஐக்கு வருவோம். மொத்தச் சம்பளம் 21,000 வரைக்கும் உள்ளவங்களுக்கு இது. நம்ம பங்கு முக்கால் சதவீதம், 18,000க்கு 135 ரூபா, கம்பெனி 3.25 சதவீதம் போடணும், 585. 2019 ஜூலைக்கு முன்னாடி நம்மகிட்ட 1.75 புடிச்சாங்க, இப்ப குறைச்சிட்டாங்க. பிஎப்புக்கு பேசிக்க வச்சு கணக்கு, ஈஎஸ்ஐக்கு மொத்தத்த வச்சு கணக்கு, இத மாத்திப் போட்டுப் பாத்துதான் பல பேரு தப்பா இருக்குன்னு சண்டைக்குப் போறாங்கன்னாரு.

135 ரூபாய்க்கு என்ன கிடைக்குதுன்னு கேட்டீங்கன்னா, தம்பிக்கு மட்டுமில்ல அவன நம்பி இருக்க அப்பா அம்மாவுக்கும் வைத்தியம். பெத்தவங்களச் சேக்க அவங்க வருமானம் மாசம் 9,000க்குள்ள இருக்கணும். முடியாமப் போயி லீவு போட்டா வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் 70 சதவீதம் சம்பளம் தருவாங்க, அதுக்கு ஆறு மாசத்துல 78 நாளாவது பணம் கட்டியிருக்கணும். பொம்பளப் புள்ளைங்களுக்கு பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். இந்த ஊர்ல இறால், நண்டு கம்பெனில வேலை பாக்குற எத்தன பொம்பளைங்களுக்கு இது தெரியும்? ஸ்லிப்ல ஈஎஸ்ஐன்னு ஒரு வரி இருந்தா தயவு செஞ்சு கார்டு கேட்டு வாங்குங்க. கார்டு இல்லாம 135 மட்டும் போய்க்கிட்டே இருந்தா ஒரு பிரயோஜனமும் இல்ல. அண்ணன் தம்பியோட கார்ட அங்கயே டவுன்லோடு பண்ணி பிரிண்ட் போட்டாரு, அதுல எந்த டிஸ்பென்சரின்னு போட்டிருக்கும், வீட்டுக்குத் தூரமா இருந்தா மாத்தச் சொல்லணும். சம்பளம் ஏறி 21,000 தாண்டுனாலும் உடனே நிக்காதாம், ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச்னு ரெண்டு பருவம், நடுவுல தாண்டுனா அந்தப் பருவம் முடியுற வரைக்கும் புடிப்பாங்க, வைத்தியமும் இருக்கும்.

இதுவரைக்கும் எல்லாம் நீலக்கோடு. சிவப்புக்கோடு ஒண்ணே ஒண்ணுதான் விழுந்துச்சு, தொழில்வரி 1,250.

இதுலதான் அண்ணன் யாருன்னு தெரிஞ்சுச்சு. தொழில்வரி பஞ்சாயத்து, நகராட்சி வாங்குற வரி, நம்ம மாநிலத்துல ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, அரசியல் சட்டப்படியே வருஷத்துக்கு 2,500க்கு மேல வாங்க முடியாது, அதான் அரை வருஷத்துக்கு உச்சமா 1,250. ஆனா அந்த உச்சம் யாருக்கு? அந்த அரை வருஷத்துல 75,000க்கு மேல சம்பாதிச்சவங்களுக்கு. தம்பி சேந்தது ஆகஸ்ட்ல. செப்டம்பரோட அந்த அரை வருஷம் முடியுது. ரெண்டு மாசச் சம்பளம் 36,000தான். "36,000க்கு எப்படிப்பா 1,250 வரும்? கீழ இருக்க ஸ்லாப்ல சில நூறு ரூபாதான வரணும்"னு கேட்டாரு. கம்பெனில பழைய ஆளுங்களுக்குப் போட்ட மாதிரியே இவனுக்கும் மொத்தமா போட்டுட்டாங்க போல. தம்பி ஆபீஸ்ல எப்படிக் கேக்குறதுன்னு தயங்குனான், அண்ணன் மரியாதையா நாலு வரில ஒரு மெயில் எழுதிக் குடுத்தாரு, யாரையும் குத்தம் சொல்லாம, நான் சேந்த தேதி இது, அரை வருஷ வருமானம் இவ்வளவு வரும், தொழில்வரிய ஒரு தடவை சரிபாத்துச் சொல்ல முடியுமான்னு. செப்டம்பர் சம்பளத்துல கூடப் புடிச்சத திருப்பிப் போட்டுட்டாங்க. கம்பெனியையும் நான் குறை சொல்லல, கேட்டதும் சரி பண்ணிட்டாங்க.

வருமான வரி? தம்பிக்கு ஒரு ரூபா கிடையாது. வருஷத்துக்கு 2,16,000 வருது. 2025-26 நிதியாண்டுல புது முறைல 12 லட்சம் வரைக்கும் வரி இல்ல, சம்பளக்காரங்களுக்கு 75,000 நிலைக்கழிவும் இருக்கதால 12,75,000 வரைக்கும் பயமில்ல. பக்கத்து வீட்டு மாமாகிட்ட வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா அதத்தான் சொன்னேன். டிசம்பர் ஸ்லிப்ல தொழிலாளர் நல நிதின்னு சின்னதா ஒரு தொகை வரும், அதுக்கும் பதறாதீங்கன்னு முன்கூட்டியே சொல்லி வச்சாரு, வருஷத்துக்கு ஒரு தடவைதானாம்.

இன்னொண்ணும் சொன்னாரு, அந்த இதர அலவன்ஸ் 2,000 எல்லா ஸ்டாஃபுக்கும் மாசாமாசம் ஒரே மாதிரி வர்றதா இருந்தா அதுக்கும் சேத்துதான் பிஎப் புடிக்கணும்னு 2019 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்காம், அப்படிப் பாத்தா 14,000க்கு 1,680 வரணும். கைக்கு வர்றது குறையும், சேமிப்பு கூடும், கம்பெனி பங்கும் கூடும். தம்பி இப்ப வேணாம், வேலை நிரந்தரம் ஆனதும் கேக்குறேன்னுட்டான், அது அவன் இஷ்டம். என்னக் கேட்டா கேட்டே ஆகணும்னுதான் சொல்லுவேன், உழைச்ச காசு.

அப்புறம் ஒரு பழக்கம் சொல்லிக் குடுத்தாரு, இது எல்லாருக்கும் உதவும். சம்பளத்துல புடிச்ச பிஎப்ப கம்பெனி அடுத்த மாசம் 15-ந்தேதிக்குள்ள கட்டியாகணும். அதனால ஒவ்வொரு மாசமும் 20-ந்தேதிக்கு மேல பாஸ்புக்கப் பாக்கணும். யுஏஎன்னோட சேத்து பதிஞ்ச மொபைல்ல இருந்து 9966044425க்கு மிஸ்டு கால் குடுத்தாலே மெசேஜ் வந்துரும், காசு செலவில்ல. ஸ்லிப்ல புடிச்சிருக்கு, பாஸ்புக்ல ஏறலன்னா முதல் மாசமே கேளுங்க, ரெண்டு வருஷம் கழிச்சு கேட்டா கம்பெனியே இருக்குமோ என்னமோ. நம்ம மாவட்டத்துக்கு பிஎப் ஆபீஸ் மதுரைல இருக்கு, ராமேஸ்வரத்துல இருந்து கிளம்புனா ஒரு நாள் பொழப்பு போச்சு, அதனால ஆன்லைன்லயே புகார் போடுறதையும் இவரே செஞ்சு தர்றாரு. அஞ்சு வருஷத்துக்குள்ள வேலைய விட்டு 50,000, அதுக்கு மேல எடுத்தா 10 சதவீதம் வரி புடிப்பாங்க, அவசரப்பட்டு எடுக்காதீங்கன்னும் சொன்னாரு. கிளெய்ம் போட்டா அவருக்குக் காசு வரும், ஆனாலும் போடாதன்னு சொல்ற மனுஷன்.

காசுன்னு எடுத்துக்கிட்டா பே ஸ்லிப் விளக்கிச் சொல்ல தனியா வாங்கல, நாமினி ஏத்துனது, கார்டு, பிரிண்ட், பேர் திருத்த ரிக்வெஸ்ட் எல்லாம் சேத்து 200 ரூபா வாங்குனாரு. அம்மா அடுத்த தடவை போறப்ப நெத்திலிக் கருவாடு கொண்டு போயி குடுத்தாங்க, அதுக்கும் காசு குடுத்துதான் வாங்குனாரு.

இப்ப அந்த ஒரு மார்க்கு. கடை ரொம்ப நெருக்கடி, நாலு பேரு நின்னாலே மூச்சு முட்டுது, கரண்டு போனா இன்வெர்ட்டர் கொஞ்ச நேரந்தான். ஆனா அது பெரிய குறை இல்ல. பெரிய குறை அங்க வேலை பாக்குற பையன். வர்ற ஓடிபிய எல்லார் முன்னாடியும் சத்தமா சொல்லச் சொல்றான், பாஸ்வேர்ட ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கிறான், மறந்துட்டு வர்றவங்களுக்கு உதவட்டும்னுதான் செய்றாங்க, எனக்குத் தெரியும், ஆனா ஆதார், பேங்க் எல்லாம் கோத்திருக்க கணக்கு அது. அண்ணன்கிட்டயே நேரா சொன்னேன், முகம் சுளிக்காம கேட்டுக்கிட்டாரு, தம்பியோட பக்கத்த கிழிச்சு கையில குடுத்துட்டாரு. நீங்க போனா ஓடிபிய நீங்களே டைப் பண்ணுங்க, பாஸ்வேர்ட வீட்டுக்கு வந்ததும் மாத்திருங்க. ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி பில்லு வாங்கித் தர்ற வேலை எல்லாம் இவரு பாக்குறதில்ல, அதுக்கு வேற ஆளத்தான் பாக்கணும்.

போறவங்க ஆதார், பான், பேங்க் பாஸ்புக், வேலை ஆர்டர், பே ஸ்லிப், ஆதார்ல சேத்த சிம் போட்ட போன் இத்தனையும் கையோட கொண்டு போங்க, போன வீட்ல விட்டுட்டு வந்து ஓடிபிக்காக திரும்பி பஸ் ஏறுனவங்கள நானே பாத்தேன். சனிக்கிழமை கூட்டம் அள்ளும், மாசம் 10-ந்தேதிக்குள்ளயும் அப்படித்தான், சம்பளம் போட்ட நேரம்ல. செவ்வா, புதன் காலைல பத்தரை வாக்குல போனா நிதானமா உக்காந்து பேசுவாரு. மத்தியானம் சாப்பாட்டுக்கு சாத்திட்டு நாலு மணிக்குத்தான் திறப்பாரு. கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம் பக்கம் உள்ளவங்களுக்கும் ராம்நாடு பக்கம்தான், முதல் ஸ்லிப் வாங்குன புள்ளைங்கள தனியா அனுப்பாம வீட்ல ஒருத்தர் கூடப் போங்க.